பசை பார்க்கும் டீச்சர்

எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவள் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. பெண்கள் பள்ளி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷம் உதவியாளராக இருந்தவள். சோதனைக்குழாய் கழுவுவாள், நீரில் அமிலம் கலந்து வைப்பாள், எந்தப் பெண் எந்தப் பொடியைத் திருட்டுத்தனமாகத் தொட்டியில் கொட்டினாள் என்பதை மூக்காலேயே கண்டுபிடிப்பாள். அந்தப் பள்ளியை இன்னொரு பள்ளியோடு சேர்த்தபோது ஆய்வகத்தை மூடிவிட்டார்கள். நாற்பத்தேழு வயதில் டீச்சர் வீட்டுக்கு வந்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தாள். "திரவ ஆய்வக உதவியாளர் தேவை. அனுபவம் அவசியம்." சோப்புக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு போனாள். போன இடத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "பசையைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"சோதனைக்குழாய்ல ஒட்டிச்சுன்னா மறுநாள் வரைக்கும் போகாது சார்."

"எண்பது சதவீதம் பேருக்கு அதுவே தெரியாது," என்று சொல்லி அவர் அவளைச் சேர்த்துக்கொண்டார். அவர்தான் மேனேஜர். எதைச் சொன்னாலும் சதவீதத்தில்தான் சொல்வார். வருவேன் என்பதை எழுபது சதவீதம் வருவேன் என்பார், வயிறு சரியில்லை என்பதை முப்பது சதவீதம் சரியில்லை என்பார். வேலைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் சதவீதம் சார்.

வேலை எரிவாயுக் கிணற்றில். தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை இருக்கிறது, பாறைக்குள் வாயு சிறைபட்டுக் கிடக்கிறது. தண்ணீரை அசுர அழுத்தத்தில் உள்ளே செலுத்தினால் பாறை விரிசல் விடும். அழுத்தத்தை எடுத்ததும் விரிசல் மூடிக்கொள்ளும். மூடாமல் முட்டுக்கொடுக்கத் தண்ணீரோடு மணலும் போக வேண்டும். ஆனால் வெறும் தண்ணீர் மணலைத் தூக்காது, பாதி வழியிலேயே கீழே போட்டுவிடும். அதனால் தண்ணீரைப் பசையாக்குகிறார்கள். எதைக் கொண்டு என்றால், கொத்தவரை விதையை அரைத்த மாவைக் கொண்டு. இதைக் கேட்ட அன்று டீச்சருக்கு ஏற்பட்ட அதிர்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. பூமியைப் பிளக்கிற வேலைக்கு ஒரு காய்கறியைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று இருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அவள் இதை விளக்கிச் சொன்னாள். "மாவு மணலைச் சுமந்துக்கிட்டுப் போகணும். போய்ச் சேர்ந்ததும் விட்டுடணும். மணல் அங்கயே நிக்கணும், மாவு மட்டும் இளகித் தண்ணியாகித் திரும்பி வரணும். அதுக்கு ஒரு மருந்து இருக்கு."

அவள் கணவர் பஸ் டிரைவர். "நம்ம வண்டி மாதிரிதான். ஆளை இறக்கிட்டுக் காலியாத் திரும்பணும்," என்றார். வீட்டில் இரண்டு பெண்கள் பேசும்போது இவ்வளவு பேசுவதே அவருக்கு அதிகம். பிறகு வண்டியை ஓரங்கட்டியதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

மற்றொரு பெண் அவருடைய அக்கா. டீச்சருக்கு நாத்தனார், கூப்பிடுவது அண்ணி என்று. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து, "லைன் கிடைக்கவில்லை, காத்திருங்கள்" என்று ஊருக்கே சொல்லி விருப்ப ஓய்வு பெற்றவர். அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. இரண்டு தெரு தள்ளியும் தெளிவாகக் கேட்கும்.

"மருந்துன்னியே, என்ன மருந்து?" என்றார் அண்ணி.

"அது நெறைய இருக்கு அண்ணி."

"நெறையன்னா?"

"பதினொண்ணு."

அண்ணி தட்டைத் தள்ளி வைத்தார். "நம்ம கிணத்துக்கும் அந்தக் கிணத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?"

இரண்டு கிலோமீட்டர் என்று டீச்சர் சொன்னாள். மறுநாள் காலை தெருவில் ஒரு சங்கம் உருவாகியிருந்தது. தலைவி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு கட்சி. சண்டை என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் கிணற்றைப் பற்றிப் பேசுவதில்லை என்று இருவரும் சொல்லாமலே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். அண்ணி கூடத்தில் உட்கார்ந்து எதிர்ப்பு மனு எழுதுவார். ஏதாவது ஒரு ரசாயனப் பெயரின் எழுத்து சந்தேகமானால் பொதுவாகக் காற்றைப் பார்த்து, "இதுக்கு ஒற்று வருமா வராதா?" என்பார். டீச்சரும் காற்றைப் பார்த்தே, "வரும்," என்பாள்.

டீச்சரின் ஆய்வகம் என்பது லாரிகள் அணிவகுத்து நிற்கும் மைதானத்தின் ஓரத்தில் வைத்த ஒரு கன்டெய்னர் பெட்டி. உள்ளே ஒரு மேஜை, வெந்நீர்த் தொட்டி, பசையின் கெட்டித்தன்மையை அளக்க ஒரு சுழல் கருவி, ஒரு மிக்ஸி. மிக்ஸி என்றால் வீட்டில் இருக்கிற அதே மிக்ஸிதான். ஒவ்வொரு முறையும் வருகிற தண்ணீரில் ஒரு லிட்டர் எடுத்து, மிக்ஸியில் சுழலவிட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். பிறகு காரம் சேர்த்து, இறுக்கும் மருந்து ஒரு துளி விட்டால், இதுவரை ஒழுகிக்கொண்டிருந்த பசை சட்டென்று இறுகி, குவளையைக் கவிழ்த்தால் நாக்கு நீட்டியதுபோல் தொங்கும், விழாது. நாக்கு எவ்வளவு நீளம் தொங்குகிறது என்பதை வைத்தே டீச்சர் கணக்குச் சொல்லிவிடுவாள். கருவி அதற்குப் பிறகுதான் அதையே சொல்லும்.

வெளியே முப்பத்திரண்டு லாரி உறுமிக்கொண்டு நிற்கும். பம்ப் ஓட்டுகிறவர் ஒருவர், மலைபோல ஆள், கன்டெய்னர் வாசலுக்கு வந்து தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "டீச்சர், சரியா?" என்று கேட்பார். டீச்சர் நாக்கைப் பார்ப்பாள். கருவியைப் பார்ப்பாள். நோட்டில் எழுதுவாள். பிறகு, "சரி," என்பாள். அதற்கப்புறம்தான் முப்பத்திரண்டு லாரியும் ஓடும். பத்தொன்பது வருஷம் அவள் கழுவி வைத்த குழாய்களில் யார் யாரோ சோதனை செய்து யார் யாரோ மார்க் வாங்கினார்கள். சரியா என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்காக நின்றவர்கள் இங்கேதான் இருந்தார்கள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வேலைக்குப் போகும் காலைகளில் அவள் நடையில் ஒரு வேகம் இருந்தது.

சங்கத்தின் மனு மூன்றாவது முறை போனதும் கம்பெனி ஒரு பொதுக்கூட்டம் போட்டது. பள்ளி அரங்கம், ஞாயிற்றுக்கிழமை மாலை. இரண்டு நாள் முன்னால் சதவீதம் சார் கன்டெய்னருக்கு வந்தார்.

"டீச்சர், மாவும் தண்ணியும் மட்டும் கலந்து ஒரு ஜாடி பசை வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

"எதுக்கு சார்?"

"மேடையில குடிக்கப் போறேன்."

டீச்சர் மிக்ஸியை நிறுத்தினாள். "மாவும் தண்ணியும் குடிச்சாத் தப்பில்ல சார். ஐஸ்கிரீம்லகூட அந்த மாவு இருக்கு. ஆனா இதுதான் கிணத்துக்குள்ள போகுதுன்னு சொல்லாதீங்க."

"நான் எங்க சொல்லப் போறேன்? நான் குடிப்பேன். மிச்சத்தை அவங்களே நெனச்சுக்குவாங்க."

"தண்ணியாக் கலக்கித் தரேன் சார்."

"தண்ணியா இருந்தாப் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கும். நம்பிக்கை வராது. கெட்டியா கலக்குங்க."

"அது வயித்துக்குள்ள போய் ஊதும் சார். ஒரு வாய் போதும்."

"தொண்ணூறு சதவீதம் ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு மேஜை, வெள்ளைத் துணி, கண்ணாடி ஜாடி. மேஜைக்குப் பக்கத்தில் வெள்ளை அங்கி போட்டு டீச்சரை நிறுத்தியிருந்தார்கள், பூஜாடி மாதிரி. அவள் பேச வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. முன்வரிசையில் அண்ணி, மூக்குக்கண்ணாடி, மடியில் ஒரு ஃபைல். ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் இருவரும். ஓட்டியவர் அரங்கத்தின் கடைசி வரிசையில், கதவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தார்.

சதவீதம் சார் நன்றாகத்தான் பேசினார். தொண்ணூற்றொன்பதரை சதவீதம் தண்ணீரும் மணலும், மிச்சம் அரை சதவீதம், அதிலும் முக்கியமானது ஒரு காய்கறி. "வார்த்தை எதுக்குங்க?" என்று சொல்லி, ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றினார். ஊற்றுவதற்கே நேரமானது. பசை ஜாடியை விட்டுப் பிரிய மனமில்லாமல் மெல்ல இறங்கியது. அவர் டம்ளரை உயர்த்தி மடமடவென்று பாதி குடித்தார்.

குடித்ததில் பிரச்சினை இல்லை. டம்ளரைக் கீழே இறக்கியதில்தான் பிரச்சினை. அவர் உதட்டிலிருந்து டம்ளர் வரைக்கும் ஒரு நூல் நீண்டது. டம்ளரை இன்னும் இறக்கினார். நூலும் இன்னும் நீண்டது. கையால் அறுத்தார், கையிலும் ஒட்டியது. இப்போது உதட்டிலிருந்து விரலுக்கு ஒன்று, விரலிலிருந்து டம்ளருக்கு ஒன்று. சிரித்த முகத்தோடு மைக்கைப் பிடித்தார், மைக்குக்கும் ஒன்று போயிற்று. எங்கோ ஒரு குழந்தை, "அம்மா, மாமா சிலந்தியா?" என்று கேட்டது. அதற்குப் பிறகு அரங்கத்தை யாராலும் அடக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து அண்ணி எழுந்தார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"மேடையில நிக்கிற அந்த அம்மாகிட்ட ஒரு கேள்வி. இவர் குடிச்சதும் கிணத்துக்குள்ள போறதும் ஒண்ணுதானா?"

சதவீதம் சார் வாயைத் திறந்தார். பசை அனுமதிக்கவில்லை. எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

மாதச் சம்பளம், கன்டெய்னர், மிக்ஸி, வாசலில் தலைக்கவசத்தோடு நிற்கும் அந்த மலைபோன்ற ஆள், எல்லாம் ஒரு கணம் கண்ணில் வந்து போயின. தப்பான அளவை ஒருநாளும் நோட்டில் எழுதியதில்லை என்பதும் வந்தது.

"இல்லைங்க," என்றாள். "இது மாவும் தண்ணியும். உள்ளே போறதுல இன்னும் பதினோரு மருந்து இருக்கு. கிருமி கொல்ல ஒண்ணு, பசை இறுக ஒண்ணு, இளக ஒண்ணு, குழாய் துருப்பிடிக்காம இருக்க ஒண்ணு, அப்படி. அதைக் குடிக்கக் கூடாது. நான் கையுறை போடாமத் தொட மாட்டேன்."

"அரை சதவீதம்ங்கிறாரே, அது எவ்வளவு?"

"ஒரு கிணத்துக்கு ஒரு கோடி லிட்டர் போகுது. அதுல அரை சதவீதம்னா அம்பதாயிரம் லிட்டர். மாவும் அதுல அடக்கம். தண்ணி லாரி கணக்குல அஞ்சு லாரி." நியாயத்துக்காக மேலும் சொன்னாள்: "ஆனா அது போறது மூணு கிலோமீட்டர் ஆழம். நம்ம கிணறு நாப்பது அடி. நடுவுல இருக்கிற இரும்புக் குழாயும் அதைச் சுத்திப் போட்ட சிமென்டும் சரியா இருந்தா மேல வராது. சரியா இருக்கான்னு பாக்கணும். அதைத்தான் கேக்கணும், பெரியம்மா."

அண்ணி உட்கார்ந்தார். ஆனால் அவர் முகத்தில் வெற்றி இல்லை, வேறு ஏதோ ஒரு கடுப்பு. அது என்னவென்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது தெரிந்தது.

"பெரியம்மாவா நான்?" என்றார். "ஊர் முன்னால? உனக்கும் எனக்கும் ஆறு வயசுதான் வித்தியாசம்."

"நீங்க மட்டும் அந்த அம்மான்னு சொல்லலாமா?"

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ரேடியோவைப் போட்டார்.

சதவீதம் சாருக்கு இரண்டு நாள் பசிக்கவேயில்லை என்றும், மூன்றாம் நாள் விடுப்பு எடுத்தார் என்றும், காரணம் எழுதவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டார்கள். அவர் திரும்பி வந்து செய்த முதல் வேலை டீச்சருக்கு ஒரு கடிதம் கொடுத்தது. விசாரணை முடியும் வரை அவள் வேலைக்கு வர வேண்டாம். அவளுக்குப் பதிலாகத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் டேப்லட், முகத்தில் எல்லாம் தெரிந்த களை.

டீச்சர் வீட்டில் உட்கார்ந்தாள். முதல் வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்தினாள். இரண்டாவது வாரம் சோப்புத் தண்ணீரின் கெட்டித்தன்மையைக் கரண்டியால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலை ஏழரை மணிக்குக் கால் தானாக வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தது. அண்ணி இதையெல்லாம் பார்த்தார். தப்பு தன்னுடையதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பது அவர் பரம்பரையில் கிடையாது. ஆகவே டீச்சர் குடித்த டம்ளர்களை யாரும் கேட்காமலே கழுவி வைக்க ஆரம்பித்தார். டீச்சர் பார்த்தாள்; டம்ளரின் அடியில் சோப்பு இருந்தது. மறுபடி கழுவிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு வாசலில் சதவீதம் சார் வந்து நின்றார். முழங்கால் வரை கண்ணாடிபோல ஏதோ ஒட்டியிருந்தது. கதவைத் திறந்தவர் அண்ணி.

"டீச்சர் இருக்காங்களா?"

"வேற வேலையா இருக்காங்க. காத்திருங்க," என்றார் அண்ணி, முப்பது வருஷப் பழக்கத்தில். அப்படியே நிற்கவும் வைத்தார்.

நடந்தது இதுதான். புதிதாக வந்தவர் குளத்துத் தண்ணீருக்குப் பதிலாக, கிணற்றிலிருந்து திரும்பி வந்த பழைய தண்ணீரைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் மிச்சம்; நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பழைய தண்ணீரில் பசையை இறுக்கும் மருந்து ஏற்கெனவே கொஞ்சம் தங்கியிருந்தது. டீச்சராக இருந்தால் ஒவ்வொரு லாரித் தண்ணீரிலும் ஒரு லிட்டர் எடுத்து மிக்ஸியில் போட்டுப் பார்த்திருப்பாள். அவர் டேப்லட்டில் பார்த்தார். விளைவு, கிணற்றுக்குள் இறுக வேண்டிய பசை, கலக்குகிற தொட்டியிலேயே இறுகிவிட்டது. குழாய், தொட்டி, பம்ப்பின் வாய் எல்லாம் கெட்டி ஜெல்லி. ஐந்து மணி நேரமாக ஆட்கள் மண்வெட்டியால் வெட்டி அள்ளுகிறார்கள். வெட்டிய துண்டு அதிர்ந்து குலுங்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வழுக்கி வருகிறது. இஸ்திரி சட்டைக்காரர் எட்டிப் பார்க்கப் போய்த் தொட்டிக்குள் விழுந்தும் விட்டார். அடிபடவில்லை, பசையில் உட்கார்ந்தபடி இருந்தார், தூக்கி எடுத்தார்கள்.

"நீங்க வந்தாத்தான் சரியாகும்னு பம்ப் ஆளு சொல்றான்," என்றார் சதவீதம் சார்.

"நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்று உள்ளேயிருந்து டீச்சர் கேட்டாள்.

"நூறு சதவீதம்," என்றார். அவர் வாயிலிருந்து அந்த எண் வந்ததை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

டீச்சர் வெளியே வந்தாள். செருப்பைக்கூட மாட்டியிருந்தாள். ஆனாலும், "கேட்டுக்கு வெளியில ஒரு போர்டு வைக்கணும் சார். உள்ளே போற எல்லாத்தோட பேரும்," என்றாள்.

"அது கம்பெனி ரகசியம்மா."

"அளவு ரகசியம்னா வச்சுக்கோங்க. பேரைப் போடுங்க."

"மாசாமாசம் சுத்துவட்டாரக் கிணத்துத் தண்ணியைப் பரிசோதிச்சு அறிக்கை குடுக்கணும்," என்று அண்ணி சேர்த்துக்கொண்டார். "இவதான் பண்ணணும். வேற ஆள் வேணாம்."

தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்று சதவீதம் சார் செல்போனை எடுத்தார். சிக்னல் இல்லை. அண்ணி அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே, இடது பக்கம் சாய்ந்து நிற்கச் சொன்னார். அந்த வீட்டில் லைன் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். ஈரத் தலையணை உறைகளுக்கு நடுவே ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி அவர் பத்து நிமிஷம் பேசி, சம்மதம் வாங்கினார்.

மைதானத்தில் டீச்சர் முதலில் தொட்டியைச் சுற்றி வந்தாள். ஒரு துண்டை எடுத்துக் குவளையில் போட்டாள். கண்ணாடி மாட்டி, கையுறை போட்டு, நீர்த்த அமிலத்தை ஒவ்வொரு சொட்டாக விட்டாள். காரம் இருக்கும் வரைதான் அந்தப் பசை இறுகி நிற்கும். அமிலம் போய்க் காரத்தைத் தணித்தால் பிடியை விட்டுவிடும். ஏழாவது சொட்டில் குவளையில் இருந்த ஜெல்லி தன்பாட்டுக்குத் தளர்ந்து, ஒழுகுகிற பசையாகிவிட்டது. எத்தனை சொட்டுக்கு எவ்வளவு பசை என்று நோட்டில் கணக்குப் போட்டு, தொட்டிக்கு எத்தனை கேன் வேண்டும் என்று சொன்னாள். ஊற்றிக் கலக்கிய பத்தாவது நிமிஷம், ஐந்து மணி நேரம் மண்வெட்டிக்கு மசியாதது சலசலவென்று வடிந்து ஓடியது. மண்வெட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பம்ப் ஆள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நின்றார். டீச்சர் குவளையைக் கழுவினாள். நோட்டில் எழுதினாள். பிறகு, "சரி," என்றாள்.

போர்டு ஒரு வாரத்தில் வந்தது. தண்ணீர், மணல், கொத்தவரை விதை மாவு, அதற்குக் கீழே வாயில் நுழையாத பதினோரு பெயர். அண்ணி பென்சிலோடு போய் நின்று படித்து, இரண்டு எழுத்துப் பிழை கண்டுபிடித்து, திருத்தும் வரை தினமும் மனுக் கொடுத்தார். சங்கம் கலையவில்லை. கிணற்றையும் மூடவில்லை. குழாயின் சிமென்ட்டைச் சோதித்த காகிதத்தைக் காட்டச் சொல்லிச் சங்கம் கேட்டது, நான்கு மாதம் இழுத்தடித்துக் காட்டினார்கள்.

மாதாமாதம் டீச்சர் பாட்டில்களோடு வீடு வீடாகப் போய்க் கிணற்றுத் தண்ணீர் எடுத்தாள். தன் வீட்டுக் கிணற்றிலும் எடுத்தாள், அண்ணி பக்கத்தில் நின்று பாட்டிலின் மூடியை முகர்ந்து பார்த்த பிறகு. முதல் அறிக்கை வந்த அன்று அண்ணி அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். பதினோரு பெயருக்கு நேரேயும் ஒரே வார்த்தை இருந்தது: கண்டறியப்படவில்லை.

"அப்படின்னா? இல்லைன்னு அர்த்தமா?"

"இல்ல அண்ணி. எங்க கருவிக்குத் தெரியலைன்னு அர்த்தம். ஒரு அளவுக்குக் கீழ எவ்வளவு இருந்தாலும் அதுக்குத் தெரியாது."

அண்ணி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அப்ப நல்ல கருவியா வாங்கச் சொல்லு."

டீச்சர் மறுநாள் சதவீதம் சாரிடம் எழுதிக் கொடுத்தாள். அவர் படித்துப் பார்த்து, இது யார் சொன்னது என்று கேட்கவில்லை. கருவி ஏழு மாதம் கழித்து வந்தது.